அப்பாவின் காலுக்கு அழுத்தம் அளக்கும் இன்சோல்: வாங்கலாமா, நாமே செய்யலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பாதம் மரத்துவிட்டது. போன வருடம் வலது கால் பெருவிரலின் அடியில் வந்த புண் ஆறுவதற்கு நான்கு மாதம் பிடித்தது. செருப்புக்குள் வைத்தால் உள்ளங்காலின் அழுத்தத்தை போனில் காட்டும் இன்சோலை விளம்பரத்தில் பார்த்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, இல்லை எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நீங்களே எஃப்.எஸ்.ஆர் சென்சாரும் (அழுத்தினால் மின்தடை மாறும் சிறு தகடு) ஈ.எஸ்.பி.32 போர்டும் (வைஃபை, புளூடூத் உள்ள சிறு கணினிப் பலகை) வைத்துச் செய்துகொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இன்சோல் நல்லது என்பதைவிட, அதே இடத்தில் மறுபடி புண் வராமல் தடுக்க இது உதவுமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மரத்துப்போன பாதங்களுக்குக் காலணி செய்து, அது சரியாக அமைந்ததா என்று அளந்து பார்ப்பது என் தொழில். மருத்துவர் இல்லை. அப்பாவின் காலை நான் பார்த்ததும் இல்லை. அதனால் இங்கே சொல்வதை அவருடைய கால் மருத்துவரிடம் பேசுவதற்கான குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில்: இப்போதைக்கு வாங்குவதை அவசரப்படுத்த வேண்டாம். அந்தப் பணத்துக்கு அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. நீங்களே செய்வதைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் உங்கள் காலில் போட்டுப் பாருங்கள். அப்பாவின் காலடியில் மட்டும் வைக்காதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு காலிலும் சும்மா நிற்கிறார். ஒரு பாதம் தரையைத் தொடும் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சராசரி அழுத்தம் 30 கிலோபாஸ்கல் அளவில்தான் வரும். நடக்க ஆரம்பித்தால் கணக்கே வேறு. குதிகால் எழும்பி முன்னங்காலை ஊன்றி உந்தும் அந்த நொடியில், உடம்பின் மொத்த எடையும், உந்துதலால் அதற்குச் சற்று மேலேயும், பெருவிரல் அடியிலும் விரல் எலும்புகளின் முனைகளிலும் சிறு பரப்புக்குள் இறங்கிவிடுகிறது. வெறுங்காலில் அந்த இடங்களில் சில நூறு கிலோபாஸ்கல் வருவது இயல்பு. 100 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை. உங்களுக்கோ எனக்கோ இது பிரச்சினை இல்லை. ஒரே இடம் வலித்தால் நமக்குத் தெரியாமலேயே கால் வைக்கும் விதத்தை மாற்றிக்கொள்கிறோம், உட்கார்ந்துவிடுகிறோம், செருப்பைக் கழற்றிப் பார்க்கிறோம். நரம்பு செத்த பாதத்தில் அந்தத் தகவல் மேலே போவதே இல்லை. அதோடு பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து விரல்கள் மடங்கிக்கொள்கின்றன, விரல் எலும்புகளுக்குக் கீழே மெத்தை போல இருந்த கொழுப்பு முன்னால் நகர்ந்துவிடுகிறது, பெருவிரல் மூட்டு இறுகி மடங்க மறுக்கிறது. அப்பாவுக்குப் புண் வந்த இடத்தைக் கேட்டதும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இந்தப் பெருவிரல் இறுக்கம்தான். அழுத்தம் கூடிய இடத்தில் தோல் காய்ப்புக் காய்க்கிறது, அந்தக் காய்ப்பே ஒரு கல்லைப் போல உள்ளிருந்து அழுத்துகிறது. காய்ப்பைச் சீவி எடுத்தால் மட்டுமே அந்த இடத்தின் உச்ச அழுத்தம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்பது அளந்து உறுதியான விஷயம். எந்த சென்சாரும் இல்லாமல், பயிற்சி பெற்ற ஒருவர் சில நிமிடத்தில் செய்துவிடக்கூடிய வேலை அது.

இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களில் பெரும் பகுதி நம் ஊரில் கற்றது என்பது பலருக்குத் தெரியாது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் ‘அழுகி’ விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதை ஊன்றிக் கவனித்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் நடந்த வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் எம்.சி.ஆர் செருப்பு என்று சொல்லும் மென்ரப்பர் காலணி. 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, அவரும் அங்கிருந்த பொறியாளர்களும் எலி பாதங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தோலை உடனே கிழிக்காத மிதமான அழுத்தத்தையே நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை கொடுத்தபோது முதலில் வீக்கமும் சூடும் வந்தன, அதன்பின் புண் வந்தது. இடையில் ஓய்வு கொடுத்து எண்ணிக்கையைக் குறைத்தபோது தோல் தடித்துத் தாக்குப்பிடித்தது. இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பாடம்: புண் என்பது ஓர் எண்ணைத் தாண்டியதால் வருவதில்லை. எவ்வளவு அழுத்தம், எத்தனை அடிகள், நடுவில் எவ்வளவு ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் புண்ணை உண்டாக்குகின்றன. அழுத்தம் கூடினால் போனில் காட்டும் சிவப்பு நிறம் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

அதே குழு செய்த இன்னொரு முயற்சி உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அழுத்தினால் உடைந்து சாயம் கசியும் நுண்ணிய குமிழ்களை வைத்து ஒரு காலுறை செய்தார்கள். நோயாளி நடந்துவிட்டு வந்ததும் எந்த இடத்தில் நிறம் ஏறியிருக்கிறதோ அதுதான் ஆபத்தான இடம். பின்னர் சென்சார் வைத்த கையுறையும் காலுறையும் செய்து, அழுத்தம் கூடினால் ஒலி எழுப்பும்படி அமைத்தார்கள். நோயாளிகள் அந்த ஒலியை அலட்சியம் செய்யவே, உடம்பில் வலி தெரியும் இடத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களோ செய்ய நினைத்த வேலையைச் செய்வதற்காகக் கருவியை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். வலியை அணைக்க முடியாது, கருவியை அணைக்க முடியும். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று சென்சார் மெலிந்துவிட்டது, கம்பி போய் புளூடூத் வந்துவிட்டது. ஆனால் எச்சரிக்கை வந்ததும் அப்பா என்ன செய்வார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் இன்சோல் சென்சார் என்றால் பெரும்பாலும் இரண்டு குடும்பம். ஒன்று, அழுத்தினால் மின்தடை குறையும் மையை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டது. டெக்ஸ்கேன் நிறுவனத்தின் எஃப்-ஸ்கேன் இந்த வகை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நான்கு அளவில் புள்ளிகள் இருப்பதால் படம் நுணுக்கமாக வரும், தாள் காகிதம் போல மெலிதாக இருப்பதால் செருப்பின் பொருத்தம் கெடாது. ஆனால் மடங்கி மடங்கி, வியர்வை பட்டு, அளவு நகர்ந்துகொண்டே போகும். இன்னொன்று, இரண்டு தகடுகளுக்கு நடுவே மீள்தன்மையுள்ள பொருளை வைத்து, அது அமுங்கும்போது மின்தேக்குதிறன் (கெப்பாசிடன்ஸ்) மாறுவதை அளப்பது. மியூனிக் நகரத்தின் நோவல் நிறுவனத்துடைய பெடார் இந்த வகை. ஒரு இன்சோலில் நூறுக்குச் சற்றுக் குறைவான சென்சார்கள்தான், தடிமனும் கூடுதல், ஆனால் அளவு நம்பகமானது, காற்றுப்பை வைத்து ஒவ்வொரு சென்சாரையும் தனித்தனியாக அளவுதிருத்தம் (தெரிந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) செய்யலாம். இவையெல்லாம் லட்சக்கணக்கில் விலை உள்ளவை, வீட்டுக்கு வாங்குவதற்கில்லை. அதே மியூனிக்கின் மோட்டிகான் போன்றவர்கள் 16 சென்சாரும் அசைவு சென்சாரும் கொண்ட கம்பியில்லா இன்சோல் செய்கிறார்கள். நடை, சமநிலை, எந்தக் காலில் எவ்வளவு எடை போகிறது என்பதற்கெல்லாம் அது நல்ல கருவி. அதற்குக் கீழே ஓட்டக்காரர்களுக்காக விற்கும், நாலைந்து சென்சார் மட்டுமுள்ள இன்சோல்கள் வருகின்றன. புண் வந்து ஆறிய பாதத்தைக் காக்க அவற்றை நம்பக் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அப்பாவின் ஆபத்தான இடம் ஒரு நாணயத்தின் அளவுதான். சென்சார் அதற்கு ஒரு விரலளவு தள்ளி இருந்தால் திரை முழுக்கப் பச்சையாகவே காட்டும். சென்சார் பெரிதாக இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. உச்சத்தையும் பக்கத்திலுள்ள குறைந்த அழுத்தத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்துக் குறைத்துக் காட்டிவிடும்.

எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆபத்து? இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது ஆபத்தான இடத்தில் முன்பிருந்ததைவிட 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும் என்பது நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசப் பணிக்குழுவின் பரிந்துரை. ஏற்கெனவே புண் வந்து ஆறியவருக்குக் காலணி செய்யும்போது நான் வைத்துக்கொள்ளும் இலக்கும் அதுதான். ஆனால் அது காலணியைத் திருத்துவதற்கான இலக்கு. 199 பத்திரம், 201 ஆபத்து என்று பொருள் இல்லை. வெறுங்கால் அழுத்தத்தை வைத்து யாருக்குப் புண் வரும் என்று பிரிக்கும் கோட்டை 1990-களிலிருந்தே தேடியிருக்கிறார்கள். புண் வந்தவர்களின் சராசரி கூடுதல் என்பது உண்மை. ஆனால் இரு கூட்டத்தின் எண்களும் ஒன்றோடொன்று பெரிதும் கலந்துகிடக்கின்றன, எங்கே கோடு போட்டாலும் பலர் தவறான பக்கம் விழுகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 200 என்பது பெரும்பாலும் பெடார் வகைக் கருவியில் அளந்து வந்த எண். வேறு அளவுள்ள, வேறு வகை சென்சாரில் வரும் 200 அதே 200 ஆக இருக்க வேண்டியதில்லை.

இனி சான்றுகள். நெதர்லாந்தில் புண் வந்து ஆறிய 171 பேரை வைத்து நடந்த சோதனை 2013-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவக் காலணி, மறு பாதிக்குக் காலணிக்குள் அழுத்தத்தை அளந்து அளந்து திருத்திய காலணி. 18 மாதத்தில் மறுபடி புண் வந்தவர்கள் அளந்து திருத்தியவர்களில் 38.8 சதவீதம், மற்றவர்களில் 44.2 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தாங்கள் எடுத்துவைக்கும் அடிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் காலணியோடு வைத்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, அளந்து திருத்திய காலணி போட்டவர்களில் 25.7 சதவீதம், மற்றவர்களில் 47.8 சதவீதம். அதாவது அளந்து திருத்துவது பலன் தருகிறது, போட்டுக்கொண்டால். அந்த ஆராய்ச்சிக்காரர்கள் காலணிக்குள் ஒரு சிறு கருவியை வைத்து அணியும் நேரத்தையும் கணக்கெடுத்தார்கள். வீட்டுக்கு வெளியே வைத்த அடிகளில் 87 சதவீதம் காலணியோடு. வீட்டுக்குள் 61 சதவீதம்தான். காலணியோடு வீட்டுக்குள் நடமாடும் பழக்கமுள்ள, குளிரான நாட்டில் இந்த நிலை.

நம் வீடுகளில் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. என்னிடம் வந்த ஒரு கடைக்காரரின் காலை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புக்குள் அளந்தோம். பெருவிரல் அடியில் முதலில் 300 கிலோபாஸ்கலைத் தாண்டி நின்றது. மென்ரப்பரில் அந்த இடத்தைக் குடைந்து, அதற்குப் பின்னால் சின்ன மேடு வைத்து, அடிப்பாகத்தைத் தொட்டில் கால் மாதிரி வளைத்துக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நடக்கவிட்டுப் பார்த்து 200-க்குக் கீழே கொண்டுவந்தோம். திரையில் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அதே இடத்தில் காய்ப்பு, காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாய் ரத்தக் கட்டு. செருப்பை எடுத்துப் பார்த்தால் தேய்ந்து, அழுக்குப் படிந்து, நன்றாகப் போட்டு நடந்த செருப்புதான். மனைவிதான் சொன்னார். காலையில் எழுந்து குளித்து, வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி கும்பிட்டு, கடை திறக்கக் கிளம்பும் வரை இரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் வெறுங்கால். இரவிலும் அப்படியே. எவ்வளவு விலையுள்ள இன்சோலாக இருந்தாலும் அந்த இரண்டு மணி நேரத்தைப் பார்த்திருக்காது. அது செருப்போடு வாசலில் கிடந்திருக்கும். வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று தனியாக ஒரு ஜோடி செய்துகொடுத்த பிறகுதான் அந்தக் காய்ப்பு அடங்கியது.

விரலடியில் வலுவான அழுத்தம் வருவதை விட்டுவிட்டு, வேறொரு கோணத்திலிருந்து இதை அணுகியவர்களும் உண்டு. மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட சோதனையில் கனடாவின் ஆர்பிக்ஸ் நிறுவனம் செய்த இன்சோலைப் பயன்படுத்தினார்கள். நுண் ரத்தக்குழாய்களை அழுத்தி மூடிவிடக்கூடிய குறைந்த அழுத்தம், அதாவது 35 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல், சுமார் ஐந்து கிலோபாஸ்கல், ஒரே இடத்தில் நெடுநேரம் நீடித்தால் கைக்கடிகாரத்தில் எச்சரிக்கை வரும். உட்காருங்கள், காலை மாற்றி வையுங்கள் என்று சொல்லும். 200 கிலோபாஸ்கலோடு இதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். அது நடையின் ஒரு நொடியில் வரும் உச்சம், இது நிமிடக்கணக்கில் விடாமல் இருக்கும் அழுத்தம். ஒப்பிடுவதற்காக மற்றவர்களுக்கும் அதே இன்சோலைக் கொடுத்து எச்சரிக்கையை மட்டும் நிறுத்திவைத்தார்கள். 18 மாதம் வரை தொடர்ந்து பார்த்ததில் எச்சரிக்கை பெற்றவர்களுக்குப் புண் வரும் விகிதம் 71 சதவீதம் குறைவு. நாளுக்கு நாலரை மணி நேரமாவது அணிந்தவர்களுக்குப் பலன் இன்னும் கூடுதல். இந்தத் துறையில் மனதுக்கு நம்பிக்கை தந்த முடிவு இது, மறுக்கவே மாட்டேன். ஆனால் மொத்தம் 58 பேர். புண்களின் எண்ணிக்கையும் சிறிது. இவ்வளவு சிறிய சோதனையில் வரும் சதவீதம் பெரிய சோதனையில் வெகுவாக இறங்கலாம். அந்த ஆய்வாளர்களே அதை ஒரு முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள். அதோடு அந்த இன்சோல் மூடிய ஷூவுக்குள் வைக்கும் வகை. நம் ஊர் வெயிலில், பட்டைச் செருப்பு போடும் ஒருவருக்கு அதே பலன் வருமா என்பது யாரும் நிரூபித்துக் காட்டாத விஷயம்.

சென்சாரால் அடிப்படையிலேயே முடியாதவை சில இருக்கின்றன. விற்கப்படும் இன்சோல்களில் மிகப் பெரும்பாலானவை தோலுக்குச் செங்குத்தாக வரும் விசையை மட்டும் அளக்கின்றன. நடக்கும்போது தோல் முன்னும் பின்னும் இழுபடுகிறதே, அந்த உராய்வு விசைக்கும் புண்ணில் பங்கு உண்டு. அதைக் காலணிக்குள் அளப்பது இன்றும் ஆய்வுக்கூட வேலைதான். விரல்களின் மேற்புறம், சுண்டுவிரல் பக்கம், விரலிடுக்கு, செருப்பு வார் உரசும் இடம் எதையும் அடியில் இருக்கும் தாள் பார்க்காது. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இன்சோலைக் கூடுதலாகச் செருகினால் மடங்கிய விரல்கள் மேல்தோலில் முட்டி அங்கே புதுப் புண் வரலாம். காலுக்கு ரத்த ஓட்டம் போகிறதா என்பதையும் எந்த அழுத்த சென்சாரும் சொல்லாது.

நீங்களே செய்வதைப் பற்றி. எலக்ட்ரானிக்ஸ் படிப்பவருக்கு இது அருமையான புராஜெக்ட், மனதாரச் சொல்கிறேன். ஆனால் எல்லோரும் முதலில் வாங்கும் அரை அங்குல வட்ட எஃப்.எஸ்.ஆர்-இன் டேட்டாஷீட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். அளக்கும் எல்லை 20 நியூட்டன் வரை. பரப்பு சுமார் 1.27 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 160 கிலோபாஸ்கல்கூட வரவில்லை. நமக்கு வேண்டிய 200-ஐத் தொடுமுன்பே அதன் எல்லை முடிந்துவிடுகிறது. அதிக விசைக்கென்று செய்த ஃபிளெக்ஸிஃபோர்ஸ் வகையை எடுங்கள். அழுத்தினால் மின்தடை மாறும் கறுப்பு வெலோஸ்டாட் பிளாஸ்டிக் தாளில் செய்யும் இன்சோல் வீடியோவில் அழகாக இருக்கும், ஆனால் எடையைத் தூக்கிய பிறகும் அளவு பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கும். சென்சாரை வெறும் மின்தடைப் பிரிப்பானில் மாட்டாமல் ஆப்-ஆம்ப் (மின்சைகையைப் பெருக்கும் சில்லு) வைத்து மின்கடத்தலை அளந்தால் விசையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் வரும். ஈ.எஸ்.பி.32-இல் வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏ.டி.சி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) வேலை செய்யாது, முதல் ஏ.டி.சி-யும் இரு ஓரங்களிலும் வளையும். தனி ஏ.டி.சி சில்லு போட்டுவிடுங்கள். ஒரு பாதம் தரையில் இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு, அதில் உச்சம் வரும் நேரம் இன்னும் சிறிது. வினாடிக்கு 50 முறைக்குக் குறைவாக எடுத்தால் உச்சத்தைத் தவறவிடுவீர்கள், 100 இருந்தால் நல்லது. அளவுதிருத்தத்துக்குப் பலர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் காற்றுப்பையைப் பயன்படுத்துகிறார்கள். யோசனை சரி, ஆனால் 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 40 கிலோபாஸ்கல்தான். நிற்பதற்குப் போதும், நடைக்குப் போதாது. சென்சார் வட்டத்தின் அளவுக்கே வெட்டிய மென்ரப்பர் துண்டை வைத்து அதன்மேல் எடையை நிறுத்துங்கள். அந்த அரை அங்குல வட்டத்தில் 2.6 கிலோ வைத்தால் 200 கிலோபாஸ்கல் ஆகும். எடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் நடந்து இன்சோல் சூடாகி வியர்த்த பிறகு மறுபடி செய்யுங்கள். இரண்டு வரைபடமும் எவ்வளவு விலகுகின்றனவோ அதுதான் உங்கள் கருவியின் உண்மையான பிழை.

அப்பாவின் காலடியில் வைக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இந்தப் பிழை அல்ல. சென்சாரின் மேல் ஒட்டும் கெட்டியான சிறு வட்டு, சாலிடர் மொட்டு, கம்பியின் மடிப்பு, டேப்பின் உரிந்த முனை எல்லாமே மரத்துப்போன பாதத்துக்குச் செருப்புக்குள் விழுந்த கல். உங்களுக்கு உறுத்தினால் கழற்றிவிடுவீர்கள். அவருக்கு உறுத்தாது, மாலையில் காலுறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். மகன் ஆசையாகச் செய்துகொடுத்தது என்பதற்காக அவர் அதை இன்னும் அதிக நேரம் போட்டுக்கொண்டிருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

அப்படியானால் அப்பாவுக்கு என்ன செய்வது? ஒரு முறை புண் வந்து ஆறியவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள்ளும் 65 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுக்குள்ளும் மறுபடி வருகிறது. அதனால் உங்கள் பயம் நியாயமானது. முதல் வேலை, பாதத்துக்கென்று தனிப் பிரிவுள்ள சர்க்கரை நோய் மருத்துவமனையில் முழுப் பரிசோதனை. 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் உணர்வு, கணுக்காலில் ரத்த ஓட்டம், பெருவிரல் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, காய்ப்பு இருந்தால் சீவி எடுப்பது. வீட்டில் பிளேடாலோ கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியாலோ அதைத் தொட வேண்டாம். இரண்டாவது, காலணி. சென்னை ராயபுரத்திலுள்ள எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனைக்காரர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பு புண் வந்த 241 பேரைப் பின்தொடர்ந்தார்கள். எம்.சி.ஆர், பாலியூரித்தேன் நுரை, வார்ப்பு இன்சோல் இவற்றில் ஒன்றைப் போட்டவர்களில் புதுப் புண் வந்தது 4 சதவீதம் பேருக்கு. கெட்டியான அட்டை இன்சோல் உள்ள தங்கள் வழக்கமான செருப்பையே போட்டவர்களில் 33 சதவீதம். மக்களைக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல என்பதால் அந்த வித்தியாசம் முழுவதையும் செருப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் நம் ஊர் மனிதர்கள், நம் ஊர்ச் செருப்பு. எட்டாயிரம் பத்தாயிரம் செலவு செய்ய நினைத்திருந்தால், வெளியே போக ஒன்று, வீட்டுக்குள் ஒன்று என்று பின்வாருள்ள இரண்டு ஜோடி செய்யச் சொல்லுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ரப்பர் எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அழுத்தம் அளக்கும் கருவிக்கு இங்கேதான் உண்மையான இடம். தினமும் போட்டுக்கொண்டு திரிவதற்கல்ல, புதுச் செருப்பு வந்த அன்று, அந்தச் செருப்பு அந்தக் காலுக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று அளப்பதற்கு. கருவி உள்ள மருத்துவமனையில் ‘செருப்புக்குள்’ அளக்கச் சொல்லிக் கேளுங்கள். தரைப்பலகையில் வெறுங்காலோடு நடக்கவிட்டு எடுக்கும் வண்ணப் படம் வேறு, அது எந்த இடம் ஆபத்து என்று காட்டும், செருப்பு உதவுகிறதா என்று காட்டாது. பழைய புண் இருந்த இடத்தின் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், திருத்திய பிறகு மறுபடி எழுதி வாங்குங்கள். செருப்பு மாற்றும்போதெல்லாம் இதையே செய்யுங்கள். கருவி இல்லாத ஊர் என்றால் மை தடவிய ஹாரிஸ் பாயில் எடுக்கும் தடம்கூட ஆபத்தான இடத்தைக் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் தினம் செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. இரவு படுக்கும் முன் நீங்களோ அம்மாவோ அவருடைய உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள், செருப்புக்குள் கையை விட்டுத் தடவுங்கள். எலக்ட்ரானிக்ஸ் ஆர்வத்தை அப்பாவுக்காகப் பயன்படுத்த விரும்பினால் அழுத்தத்தைவிட வெப்பநிலையில் செலவிடுங்கள். தோலைத் தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இரு பாதத்திலும் ஒரே ஆறு இடங்களைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதலாம். ஒரு காலின் ஓர் இடம் மறுகாலின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால், உள்ளே அழற்சி தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு நடையைக் குறைத்து மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் இந்த எளிய முறை புண்ணைக் குறைத்திருக்கிறது. தளம் சுடும் நேரத்தில் வெறுங்காலோடு கோவில் பிரகாரம் சுற்றிவிட்டு வந்த உடனே அளக்காதீர்கள், அரை மணி நேரம் காலுக்கு ஓய்வு கொடுத்து அளங்கள். அந்த வேளையில் வெறுங்காலில் பிரகாரம் சுற்றுவதையே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

இவ்வளவும் நடந்து, அப்பா மூடிய ஷூ போட்டுக்கொண்டு நாளில் பல மணி நேரம் நின்று வேலை பார்ப்பவராகவும், கடிகாரம் எச்சரித்தால் உட்காரும் சுபாவம் உள்ளவராகவும் இருந்தால், எச்சரிக்கை இன்சோலைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் பேசலாம். விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பெருவிரல் அடியில் சென்சார் எங்கே இருக்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை அளவுதிருத்தம், மரத்துப்போன பாதத்தில் சோதித்திருக்கிறார்களா. மூன்றுக்கும் நேரடியான பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். இன்சோல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாதமோ கணுக்காலோ திடீரென்று வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால், புண்ணே இல்லாவிட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், அன்றைக்கே காட்டுங்கள். மரத்துப்போன பாதத்தில் எலும்பு நொறுங்கத் தொடங்கும்போது அப்படித்தான் ஆரம்பிக்கும், அந்தக் காலை அதன்பின் ஒரு அடிகூட ஊன்றவிடாமல் அழைத்துப் போக வேண்டும்.